விரல் நுனியில் ஒரு வேற்றுமை

நிறவெறி என்றதும் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது என்ன? வெறுப்பை உமிழும் ஒரு முகந்தானே? "அப்படிப்பட்டவர் எங்கள் மருத்துவமனையில் எவருமில்லை" என்று சொல்லிவிடுவது எளிது. விரலில் மாட்டும் ஒரு சிறு கருவியின் வரலாற்றைச் சற்றுப் பாருங்கள்.

1974-இல் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி ஓர் அழகிய தத்துவத்தை வெளியிட்டார். இன்றைய கருவிகள் அதன்படியே இயங்குகின்றன. சுமார் 660 நானோமீட்டர் சிவப்பொளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரும் விரலினூடே செல்கின்றன. நாடித் துடிப்போடு மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் இரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும். (ஊசி குத்த வேண்டியதில்லை!) துடிக்காத தோல் கணக்கிலிருந்து கழிந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் கருவிக்கு அளவு குறிக்க மனிதர்களைத்தானே சோதிக்க வேண்டும்? அச்சோதனைகளில் வெளிர் தோலினரே மிகுதி.

1990-இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு, கறுப்பின நோயாளிகளிடம் கருவி அடிக்கடி பிழைபடுவதைக் காட்டியது. முப்பது ஆண்டுகள் ஓடின. 2020 டிசம்பரில், கோவிட் நோய்க் காலத்தில், மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் தம் பதிவேடுகளை ஒப்பிட்டு வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 விழுக்காடு காட்டிய வேளையில் தமனி இரத்தத்தின் உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது, வெள்ளையரிடம் எடுத்த அளவீடுகளுள் 3.6 விழுக்காட்டில், கறுப்பரிடம் 11.7 விழுக்காட்டில். ஆக்சிஜன் தேவைப்படுபவரை "நலம்" என்று காட்டும் எண் இது. அதைக் குறித்துக்கொள்ளும் செவிலியிடம் வெறுப்பு ஏதுமில்லை, அவோயாகியிடமும் இல்லை. மூச்சுத் திணறுபவருக்கு அதனால் என்ன ஆறுதல்?

2013-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சோதிக்கப்படுவோரில் கருந்தோலினர் குறைந்தது இருவரோ 15 விழுக்காட்டினரோ, இவற்றுள் எது அதிகமோ அத்தனை பேர், இருக்க வேண்டும் என்றது. அதை உயர்த்தும் வரைவு 2025 ஜனவரியில்தான் வெளியாயிற்று.