கிருமியற்ற சுண்டெலி



பெரியோர் ஒருவரின் கருத்துப் பிழையென்று காணப்பட்ட பின்னரும், அதனால் எழுந்த ஆராய்ச்சி நெடுங்காலம் பயன் தருவதுண்டு. 1885 ஆம் ஆண்டிலே பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர், நுண்ணங்கிகளின் துணையின்றி விலங்குகள் உயிர்வாழ்தல் இயலாது எனக் கருதினார். பத்தாண்டுகளின் பின் பேர்லின் நகரில் நட்டால், தீர்பெல்டர் என்னும் இருவர், கினிப்பன்றிக் குட்டியைத் தாயின் வயிற்றைக் கீறி எடுத்து, கிருமி நீக்கிய காற்றும் பாலும் ஊட்டிச் சில நாட்கள் வளர்த்துக் காட்டினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கிருமியற்ற விலங்குகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கவும் அறிஞர் கற்றுக்கொண்டனர்.

இத்தகைய சுண்டெலி எழுதாத ஏடு போன்றது. மனிதர் ஒருவரின் குடல் நுண்ணங்கிகளை அதனுள் இட்டால், அவை செய்யும் வேலையைத் தனியே பிரித்தறியலாம்.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். நோயை எதிர்க்கும் நம் உடலின் படைக்குச் சில கடிவாளங்கள் உண்டு. புற்றுநோய் அவற்றைத் தனக்குச் சாதகமாக இழுத்துப் பிடிக்கின்றது. அக்கடிவாளத்தைத் தளர்த்தும் வழி கண்ட அலிசன், ஹொஞ்சோ ஆகிய இருவரும் 2018 இல் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும் அம்மருந்து சிலரைக் காத்தது; பலரைக் கைவிட்டது. காரணம் யாது?

அதே ஆண்டு ஜனவரியில் பாரிஸ், ஹூஸ்டன், சிக்காகோ ஆகிய நகரங்களின் ஆய்வாளர் ஒரு விடை தந்தனர். மருந்தினாற் பயன்பெற்றோரின் மலத்திலிருந்த நுண்ணங்கிகளைச் சில எலிகளுக்கும், பயன்பெறாதோரின் நுண்ணங்கிகளை வேறு எலிகளுக்கும் செலுத்தினர். இரு சாராருக்கும் ஒரே வகைக் கட்டி, ஒரே மருந்து. முன்னைய எலிகளில் மருந்து நன்கு வேலை செய்தது. பின்னையவற்றில் அவ்வாறு செய்யவில்லை. நோயாளியிடத்து நேர்ந்ததே எலியிடத்தும் நேர்ந்தது. குடல்வாழ் நுண்ணங்கிகள் வெறும் பார்வையாளர் அல்ல என்பது இதனாற் புலனாயிற்று.

எனினும், நன்மை செய்பவை என மூன்று நகரத்தாரும் சுட்டிய பற்றீரியாக்கள் ஒன்றாயிருக்கவில்லை. எலி மனிதனுமன்று. ஆதலின் சோதனை மனிதரிடம் செல்லவேண்டியதாயிற்று. மெலனோமா என்னும் கொடிய தோற்புற்றுநோய் கொண்டு, மருந்து பலிக்காதிருந்தோருக்கு, பலித்தோரின் குடல் நுண்ணங்கிகளைச் செலுத்தி மீண்டும் மருந்தளித்தனர். 2021 இல் வெளியான முடிவுகளின்படி, அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் 15 பேருள் 6 பேரும், இஸ்ரேலில் 10 பேருள் 3 பேரும் பயன் கண்டனர்.

தொகை சிறிது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இருக்கவில்லை. ஆகவே இதனைத் தீர்ந்த மருத்துவமெனக் கொள்ளலாகாது. ஆயினும் வேறு வழி காணாதிருந்த அந்த ஒன்பது பேருக்கும் இது சிறிய காரியமன்று.