கணக்கு யார் கையில்? நிலத்தடி நீரும் ஊர்க்குழுவும்

நீர் விழிப்புணர்வுக்காக ஊரில் ஒரு குழு அமைந்தால், அதன் வேலை பெரும்பாலும் பேரணியிலும் சுவரெழுத்திலும் பள்ளி மாணவர்களின் உறுதிமொழியிலும் தொடங்கி அவற்றிலேயே முடிந்துவிடுகிறது. மக்களுக்கு நீரின் அருமை தெரியவில்லை, தெரிந்தால் சிக்கனமாக இருப்பார்கள் என்ற எண்ணமே இந்த முயற்சிகளுக்கு அடிப்படை. வறண்ட மாவட்டங்களில் இந்த எண்ணம் செல்லாது. ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு, புழுதி மட்டுமே பறந்து, கடனோடு நிற்கும் உழவருக்கு நீரின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தன் கிணறும் பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் நிலத்தடியில் ஒரே இருப்பிலிருந்து எவ்வளவு எடுக்கின்றன, இந்த ஆண்டு மழை அந்த இருப்பில் எவ்வளவு சேர்த்தது என்ற கணக்குதான் அவரிடம் இல்லை. ஆகவே, அளக்கும் வேலையையும் அளவை வைத்து முடிவெடுக்கும் களத்தையும் தன் கையில் வைத்திருக்கும் குழுவால்தான் நீர் பற்றிய அறிவை ஊரில் வளர்க்க முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு வலுவான சான்று பிரிக்கப்படாத ஆந்திரத்தில் கிடைக்கிறது. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பின் துணையோடு 2000-களில் அனந்தபூர், கர்னூல், மகபூப்நகர் உள்ளிட்ட ஏழு வறட்சி மாவட்டங்களில் ‘உழவர் மேலாண்மையில் நிலத்தடி நீர்’ என்ற திட்டம் நடந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 550 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் அனந்தபூர் போன்ற கடினப்பாறை நிலங்களில், மானியமோ இலவசப் பொருளோ தராமல் நடந்த திட்டம் அது. உழவர்களே மழைமானியைப் பார்த்து நாள்தோறும் குறித்தார்கள். கண்காணிப்புக் கிணற்றில் கம்பியை இறக்கி, அதன் முனை நீரைத் தொடும் ஆழத்தைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பதிந்தார்கள். பம்பு இறைக்கும் அளவை அறிய, கொள்ளளவு தெரிந்த டிரம்மைக் குழாயடியில் வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்தார்கள். இந்த எண்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி ஊர்ப் பலகையில் எழுதப்பட்டன. ரபி எனும் குளிர்காலப் பருவத்துக்கு முன், ஒரே வடிநிலத்தைச் சேர்ந்த ஊர்கள் கூடிப் பயிர் நீர்க் கணக்குப் போட்டன. இருப்பு எவ்வளவு, அவரவர் பயிரிட நினைப்பதற்குத் தேவை எவ்வளவு, பற்றாக்குறை எவ்வளவு என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிந்தது. நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். நிலக்கடலைக்கு அதில் பாதியும் வேண்டாம். இந்த ஒப்பீடு பொதுக் கூட்டத்தில் யாரோ சொன்ன அறிவுரையாக வராமல், தங்கள் கிணற்றின் எண்ணிலிருந்தே வந்தது என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது. எந்தப் பயிரைப் போடுவது என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் பல வடிநிலங்களில் ரபி பருவத்து நீரெடுப்பு குறைந்ததாக உலக வங்கியின் 2010 ஆய்வறிக்கை பதிவு செய்தது.

திட்ட நிதி நின்ற பிறகு அளவெடுப்பு பல ஊர்களில் தொய்ந்துவிட்டது என்றும், பயிர் மாற்றத்துக்கு விலையும் மழையும்கூடக் காரணமாக இருக்கலாம் என்றும் பின்னர் மறுப்பு எழுந்தது. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அளவெடுப்பவரின் உழைப்புக்கு ஊர் ஒரு நிலையான ஏற்பாடு செய்யவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. அளப்பதால் பயனில்லை என்ற முடிவு அதிலிருந்து கிடைக்காது. நம் ஏரிப்பாசன ஊர்களில் மடை திறந்து அடைத்த நீர்க்கட்டிக்குக் களத்துமேட்டிலேயே நெல் அளந்தார்கள். தன்னார்வம் சில பருவங்களுக்குத் தாங்கும். கூலியில்லாத வேலை அதற்கு மேல் தாங்காது.

‘ஊர்’ என்பது ஒன்றல்ல என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. சிவகங்கை, இராமநாதபுரம் கண்மாய்களை ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மோஸ், 2003-இல் வெளியிட்ட நூலில், பழைய கூட்டு நிர்வாகம் என்று நாம் போற்றுவது சாதி அதிகாரத்தோடும் பாளையக்கார, ஜமீன் ஆட்சியோடும் பின்னிக் கிடந்ததை விரிவாகக் காட்டினார். உத்திரமேரூரின் ஏரி வாரியத்தைப் பெருமையோடு குறிப்பிடுகிறோம். ஆனால் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின்படி, குடவோலையில் பெயர் இடம்பெறக் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சாத்திரக் கல்வியும் வேண்டியிருந்தன. மடையில் இறங்கி வேலை செய்தவர்களுக்கு அந்தச் சபையில் இடமில்லை. எனவே பழைய அமைப்பை அப்படியே மீட்பது நம் நோக்கமாக இருக்க முடியாது. நிலமற்றோரும் குடிநீருக்கு அலையும் பெண்களும் அளவெடுப்பில் இருந்தால்தான் பலகையில் ஏறும் எண்ணை எல்லோரும் நம்புவார்கள். காலனிப் பகுதியின் கைப்பம்பும் கண்காணிப்புக் கிணறுகளின் பட்டியலில் இருக்க வேண்டும். பெருநிலக்காரரின் தோட்டத்துக் கிணறுகளை மட்டும் அளக்கும் குழு, அவருடைய நலனையே ஊர் நலனாகக் காட்டிவிடும்.

சட்டம் துணைக்கு இல்லாதபோது வெறும் எண் என்ன செய்யும் என்று கேட்கலாம். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் நிழலில் நிலத்தடி நீர் இன்றும் நிலவுடைமையோடு ஒட்டியே கிடக்கிறது. தமிழ்நாடு 2003-இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013-இல் நீக்கப்பட்டது. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் கட்டணமும் கையைப் பிடிப்பதில்லை. இந்தச் சூழலில், ஆழமாகத் துளைக்கப் பணமுள்ளவரை ஊர்க்குழு தடுத்துவிடும் என்று சொல்வது மிகை. ஆயினும் மகாராட்டிரத்தின் ஹிவரே பஜார் ஊராட்சி நீர்க் கணக்கைக் கிராம சபையில் வைத்ததோடு கரும்பையும் பாசனத்துக்கான ஆழ்துளைக் கிணறுகளையும் விலக்கியது. அங்கே சட்டத்தின் இடத்தை நிரப்பியது சபையின் தீர்மானம். தீர்மானத்துக்கு வலுவூட்டியது, எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு.

தமிழ்நாட்டில் குழுவுக்கான களம் ஏற்கெனவே இருக்கிறது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஐ ஒட்டியும் கிராம சபை கூடுகிறது. ஆனால் அதற்குள் கோடைப் பயிர் பல இடங்களில் வயலில் நின்றுவிடும். கணக்குப் பார்க்க உகந்த நாள் ஜனவரி 26. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கிணறுகள் அந்த ஆண்டுக்கான உயரத்தை எட்டிய தருணத்தில் வரும் கிராம சபை அது. அங்கே மழை அளவும் கிணற்று மட்டமும் வாசிக்கப்பட்டு, கோடையில் எதைப் பயிரிடுவது, எவ்வளவைக் குடிநீருக்கு ஒதுக்குவது என்று பேசப்பட வேண்டும். ஊராட்சிகளுக்கான பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு துப்புரவுக்கும் குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. இத்தகைய ஒதுக்கீடுகளில், அளவெடுக்கும் இருவருக்கு மாதக் கூலி தர விதிகள் இடமளிக்க வேண்டும். கம்பியும் டிரம்மும் மழைமானியும் அதிகம் செலவு வைப்பவை அல்ல.