தொலைக்காட்சித் துடுப்பாட்ட வர்ணனை

தொலைக்காட்சித் துடுப்பாட்ட வர்ணனை என்பது, கிரிக்கெட் எனப் பரவலாக அழைக்கப்படும் துடுப்பாட்டத்தின் போட்டி ஒன்று தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகும்போது அதன் நிகழ்வுகளைப் பார்வையாளருக்கு எடுத்துரைத்து விளக்கும் பணி ஆகும். இப்பணியைச் செய்பவர் வர்ணனையாளர் எனப்படுகிறார். வானொலி வர்ணனையாளர் கேட்பவருக்குக் கண்ணாக இருக்கிறார். தொலைக்காட்சி வர்ணனையாளரோ ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருப்பவரிடம் பேசுகிறார். இந்த வேறுபாடே தொலைக்காட்சி வர்ணனையின் தரத்தை அளப்பதற்கான அடிப்படை ஆகும். திரையில் தெரியாத ஒன்றைச் சேர்த்தல், சேர்க்க ஒன்றுமில்லாதபோது பேசாதிருத்தல், கண்டதை எவர் பொருட்டும் மாற்றிச் சொல்லாதிருத்தல் ஆகிய மூன்றும் நல்ல வர்ணனையின் இயல்புகளாகக் கருதப்படுகின்றன.

வரலாறு

விளையாட்டு வர்ணனை வானொலியில் தோன்றியது. பிரித்தானியாவில் பிபிசி 1927 சனவரியில் இங்கிலாந்து, வேல்சு அணிகளுக்கிடையிலான ரக்பி போட்டியை முதன்முதலாக நேர்முக வர்ணனையுடன் ஒலிபரப்பியது. அதே மாதம் ஒலிபரப்பான கால்பந்துப் போட்டிக்காக, ஆடுகளத்தை எண்ணிட்ட கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் படம் பிபிசியின் வார இதழில் அச்சிடப்பட்டது. பந்து எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை வானொலியில் ஒருவர் சொல்லச் சொல்ல, கேட்பவர் படத்தைப் பார்த்து ஆட்டத்தைப் பின்தொடர்ந்தார்.

1938 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற ஆசஸ் தொடரை ஆஸ்திரேலிய நேயர்கள் வேறொரு முறையில் கேட்டனர். இங்கிலாந்திலிருந்து தந்தி மூலம் வந்த குறிப்புகளை வைத்துக்கொண்டு, சிட்னியிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்திருந்த வர்ணனையாளர்கள் ஆட்டத்தை நேரில் காண்பது போல விவரித்தனர். மட்டையில் பந்து படும் ஓசைக்காகப் பென்சிலால் மரக்கட்டையில் தட்டினர். கூட்டத்தின் கைதட்டல் ஒலித்தட்டிலிருந்து வந்தது. சொல்லால் மட்டுமே ஓர் ஆட்டத்தை உருவாக்க முடியும் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது.

அதே 1938 ஆம் ஆண்டில், இலார்ட்சு மைதானத்தில் நடைபெற்ற இங்கிலாந்து - ஆஸ்திரேலியா டெஸ்ட் போட்டியை பிபிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் டெஸ்ட் போட்டி இதுவே. 1977 இல் கெரி பாக்கரின் உலகத் தொடர் துடுப்பாட்டத்துடன் ஆஸ்திரேலியாவின் நைன் நெட்வொர்க் இத்துறையில் நுழைந்த பின்னர், படக்கருவிகளின் எண்ணிக்கை பெருகியது. முன்னாள் அணித்தலைவர்களையும் நட்சத்திர வீரர்களையும் கொண்டு வர்ணனைக் குழு அமைக்கும் வழக்கமும் வலுப்பெற்றது.

வானொலி வர்ணனையிலிருந்து வேறுபாடு

வானொலியில் மௌனம் என்பது பழுது. சில நொடிகள் குரல் கேட்காவிட்டால் ஒலிபரப்பு நின்றுவிட்டதாக நேயர் எண்ணுவார். எனவே வானொலி வர்ணனையாளர் பந்து வீச்சாளரின் ஓட்டம், களத்தடுப்பாளர் நிற்கும் இடம், வானிலை, ஓட்ட எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் இடைவிடாது சொல்லியாக வேண்டும். 1946 முதல் 1980 வரை பிபிசி வானொலியில் வர்ணனை செய்த ஜான் ஆர்லட் ஒரு கவிஞரும் ஆவார். காட்சியைச் சொல்லால் வரைந்து காட்டும் திறனே அவருக்குப் பெருமை தேடித் தந்தது.

தொலைக்காட்சியில் இதே முறை சுமையாகிவிடுகிறது. "பந்து எல்லைக்கோட்டை நோக்கிச் செல்கிறது" என்பது வானொலியில் செய்தி. தொலைக்காட்சியில் அது கண்ட காட்சியைத் திரும்பச் சொல்வது மட்டுமே. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் தொலைக்காட்சியின் ஒலியை அடைத்துவிட்டு, வானொலி வர்ணனையைக் கேட்டுக்கொண்டே படத்தைப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருந்து வந்துள்ளது. வானொலிக் குரல் தொலைவிலிருப்பவரை நினைத்துப் பேசுவது இதற்கு ஒரு காரணம் எனலாம்.

வர்ணனை அறையின் செயல்பாடு

தொலைக்காட்சியில் பொதுவாக இருவர் அல்லது மூவர் ஒரே நேரத்தில் பணியில் இருப்பர். அரை மணி நேர அளவில் இவர்கள் முறை மாறுவர். ஒருவர் பந்துக்குப் பந்து நிகழ்வைக் கூறுவார். மற்றவர் ஓவரின் இடைவெளியிலும் மீள்காட்சியின்போதும் நுட்பங்களை விளக்குவார். இரண்டாமவர் பெரும்பாலும் முன்னாள் வீரர் ஆவார்.

வர்ணனையாளரின் முன் கண்ணாடி வழியே மைதானமும், அதற்குக் கீழே ஒளிபரப்பாகும் படத்தைக் காட்டும் சிறு திரையும் இருக்கும். திறமையான வர்ணனையாளர் பந்து வீசப்பட்டதும் திரையைப் பார்த்தே பேசுவார். பார்வையாளர் காணாத ஒன்றைப் பற்றிப் பேசினால் குரலும் படமும் பிரிந்துவிடும். காதில் பொருத்திய கேட்பொறியில் இயக்குநரின் குரல் இடையறாது ஒலிக்கும். அடுத்து எந்த மீள்காட்சி வருகிறது, விளம்பர இடைவேளைக்கு எத்தனை நொடிகள் உள்ளன என்பன அதில் சொல்லப்படும். ஒரு காதில் இதைக் கேட்டுக்கொண்டே தடுமாறாமல் பேசுவது இப்பணியின் முதற் பயிற்சி ஆகும்.

நல்ல வர்ணனையின் கூறுகள்

அளவான பேச்சு

ஆஸ்திரேலியாவின் முன்னாள் அணித்தலைவர் ரிச்சி பெனோ (1930 - 2015) தொலைக்காட்சி வர்ணனையின் முன்மாதிரியாகப் பெரும்பாலோரால் ஏற்கப்பட்டவர். 63 டெஸ்ட் போட்டிகளில் 248 விக்கெட்டுகளைக் கைப்பற்றிய இவர், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1956 இல், பிபிசியில் பயிற்சி பெற்றார். ஆட்டப் புகழ் மட்டுமே ஒலிவாங்கிக்குப் போதாது என்பதை இவர் முன்கூட்டியே உணர்ந்திருந்தார். திரையில் உள்ள படத்துக்கு எதையேனும் கூட்ட முடிந்தால் மட்டும் பேசு, இல்லையெனில் பேசாதே என்பது இவரது புகழ் பெற்ற அறிவுரையின் சாரம்.

1993 சூன் 4 அன்று ஓல்ட் டிரஃபோர்டில் சேன் வார்ன் வீசிய பந்து ஒன்று, லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து திரும்பி, மைக் கேட்டிங்கின் ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது. அப்போது வர்ணனை செய்துகொண்டிருந்த பெனோ, பந்து மிக அழகானது என்றும் என்ன நடந்தது என்பதே கேட்டிங்குக்குத் தெரியவில்லை என்றும் சொல்லி நிறுத்தினார். சற்றுக் கழித்து, இன்னும் தெரியவில்லை என்று மட்டும் சேர்த்தார். திகைத்து நின்ற துடுப்பாட்டக்காரரின் முகமே மீதியைச் சொன்னது.

2005 செப்டம்பரில் ஓவல் மைதானத்தில், இங்கிலாந்தில் தமது கடைசி வர்ணனையில் பெனோ நேயர்களிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தார். அப்போது 158 ஓட்டங்கள் எடுத்திருந்த கெவின் பீட்டர்சனை மெக்ரா ஆட்டமிழக்கச் செய்தார். பெனோ தம் விடைபெறும் உரையை இடையில் நிறுத்தி, விக்கெட்டை விவரித்தார். தம்மை விட ஆட்டத்தை முன்வைத்ததன் எடுத்துக்காட்டாக இந்நிகழ்வு நினைவுகூரப்படுகிறது.

விளக்கம்

என்ன நடந்தது என்பதைத் திரை காட்டிவிடும். ஏன் நடந்தது என்பதைச் சொல்வதே முன்னாள் வீரரின் பயன். பந்து வீச்சாளரின் மணிக்கட்டு எவ்வாறு திரும்பியது, முந்தைய இரு பந்துகள் துடுப்பாட்டக்காரரை எப்படி முன்னால் இழுத்தன, அணித்தலைவர் ஒரு களத்தடுப்பாளரை ஏன் நகர்த்தினார் என்பன போன்றவை இதில் அடங்கும். அடுத்து நடக்கவிருப்பதைக் காரணத்துடன் முன்கூட்டிச் சொல்வது இதன் உயர்ந்த நிலை. 2001 இல் பந்தின் பாதையைக் கணித்துக் காட்டும் ஆக்-ஐ தொழில்நுட்பம் ஒளிபரப்பில் அறிமுகமான பின், அதன் வரைபடங்களைப் பொதுப் பார்வையாளருக்குப் புரியும்படி சொல்வதும் இப்பணியில் சேர்ந்தது.

விளையாடாதவர்களும் இத்துறையில் சிறந்துள்ளனர். ஐதராபாத்தில் பிறந்த ஹர்சா போக்லே வேதிப்பொறியியலும் மேலாண்மையும் பயின்றவர். பன்னாட்டுப் போட்டிகளில் ஆடியவர் அல்லர். பார்வையாளர் கேட்க விரும்பும் கேள்வியை முன்னாள் வீரரிடம் கேட்டு, விடையை வெளிக்கொணர்வது இவரது வழிமுறை.

நடுநிலை

ஓர் அணியைப் பற்றிப் பேசும்போது "நாங்கள்", "நாம்" எனக் கூறலாகாது என்பது பெனோவின் மற்றொரு விதி. 1981 பெப்ரவரி 1 அன்று மெல்பேர்ணில் இவ்விதி கடுமையாகச் சோதிக்கப்பட்டது. கடைசிப் பந்தில் ஆறு ஓட்டங்கள் எடுத்தால் நியூசிலாந்து ஆட்டத்தைச் சமன் செய்யலாம் என்ற நிலையில், ஆஸ்திரேலிய அணித்தலைவர் கிரெக் சப்பலின் கட்டளைப்படி அவருடைய தம்பி டிரெவர் சப்பல் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டார். அப்போதைய விதிகள் இதைத் தடை செய்யவில்லை. ஆயினும் வர்ணனையில் இருந்த மூத்த சகோதரர் இயன் சப்பல், அவ்வாறு செய்யக் கூடாது என அந்த நொடியிலேயே குரல் எழுப்பினார். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஆஸ்திரேலிய நேயர்களிடம் பேசிய பெனோ, இது வெட்கக்கேடான செயல் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். இத்தகைய பந்துவீச்சு பின்னர் தடை செய்யப்பட்டது.

2019 சூலை 14 அன்று இலார்ட்சில் நடைபெற்ற உலகக்கிண்ண இறுதிப் போட்டியும் சூப்பர் ஓவரும் சமநிலையில் முடிந்தன. எல்லைக்கோட்டு அடிகளின் எண்ணிக்கையால் இங்கிலாந்து வென்றது. அந்த முடிவை அறிவித்தவர் நியூசிலாந்தின் முன்னாள் இலக்குக் காப்பாளர் இயன் சிமித். தம் நாடு நூலிழையில் கிண்ணத்தை இழந்த நொடியில், வென்றவரின் மகிழ்ச்சியையும் தோற்றவரின் துயரையும் குரலில் ஒருங்கே கொணர்ந்தது பெரிதும் பாராட்டப்பட்டது.

பொதுவான குறைபாடுகள்

பார்வையாளர்களும் விமர்சகர்களும் அடிக்கடி சுட்டும் குறைகள் வருமாறு:

* திரையில் தெரிவதையே திரும்பச் சொல்லுதல்.
* எல்லா நிகழ்வுக்கும் ஒரே உச்சக் குரலைப் பயன்படுத்துதல். இதனால் உண்மையான திருப்புமுனைக்கு உயர்த்தக் குரல் மிஞ்சுவதில்லை.
* தேய்ந்த தொடர்களை ஒவ்வோர் ஆட்டத்திலும் கையாளுதல்.
* தம் ஆட்டக் காலக் கதைகளைப் பேசி, நடக்கும் ஆட்டத்தைக் கைவிடுதல்.
* தோல்வியை "பேரழிவு" என்பது போன்ற மிகைச் சொற்கள். உண்மையான பேரழிவுகளுக்கே இச்சொற்கள் உரியன எனப் பெனோ எச்சரித்துள்ளார்.
* வீரர்களின் பெயர்களைப் பிழையாக ஒலித்தல்.

ஒலிவாங்கி அணைந்துவிட்டதாக எண்ணிப் பேசுவது இதனினும் பாரதூரமான தவறு. 2006 ஆகத்தில் கொழும்பில் நடைபெற்ற இலங்கை - தென்னாப்பிரிக்கா டெஸ்ட் போட்டியின்போது, விளம்பர இடைவேளை எனக் கருதி, இசுலாமியரான தென்னாப்பிரிக்க வீரர் அசீம் ஆம்லாவைத் "தீவிரவாதி" எனக் குறிப்பிட்டார் டீன் ஜோன்சு. அக்குரல் தென்னாப்பிரிக்காவில் ஒளிபரப்பாகிவிட்டது. ஜோன்சு மன்னிப்புக் கேட்டார். எனினும் தொலைக்காட்சி நிறுவனம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது.

வர்ணனையாளரின் சுதந்திரம்

வர்ணனையாளர் யாருக்காகப் பேசுகிறார் என்பது இத்துறையின் தீராத சிக்கல் ஆகும். இந்தியன் பிரீமியர் லீக்கின் தொடக்க ஆண்டுகளில், ஆறு ஓட்ட அடியை அப்போதைய விளம்பரதாரரின் பெயரோடு சேர்த்து "டிஎல்எஃப் மேக்சிமம்" என வர்ணனையாளர்கள் கூறினர். விளம்பரத்துக்கும் வர்ணனைக்கும் இடையிலான கோடு இதனால் மறைந்தது என்ற விமர்சனம் எழுந்தது.

இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் வர்ணனையாளர்களைத் தானே ஒப்பந்தம் செய்யத் தொடங்கியது மேலும் பெரிய வினாவை எழுப்பியது. ஆட்டத்தை நடத்தும் அமைப்பிடமே ஊதியம் பெறுபவர், அவ்வமைப்பின் முடிவுகளை எவ்வாறு விமர்சிப்பார் என்பதே அவ்வினா. 2013 இல், அணித் தேர்வு, நிர்வாகம் முதலியவற்றைப் பற்றிப் பேசக் கூடாது என்ற நிபந்தனையை ஏற்காமல் இயன் சப்பல் இந்தியாவில் வர்ணனைப் பணியிலிருந்து விலகிக்கொண்டார். 2016 இல் இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கும் தறுவாயில் ஹர்சா போக்லே குழுவிலிருந்து நீக்கப்பட்டார், காரணம் வெளியிடப்படவில்லை. பின்னர் அவர் மீண்டும் பணிக்குத் திரும்பினார். 2020 இல் சஞ்சய் மஞ்ச்ரேக்கர் வாரியத்தின் குழுவிலிருந்து நீக்கப்பட்டதும் விவாதத்துக்குள்ளானது.

சுதந்திரமாகப் பேச இடம் கிடைக்கும்போது வர்ணனை ஆட்டத்துக்கு அப்பாலும் பயன் தருகிறது. 2020 சூலை 8 அன்று சௌதாம்ப்டனில் மழையால் ஆட்டம் தாமதமானபோது, மேற்கிந்தியத் தீவுகளின் முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் மைக்கேல் ஓல்டிங், எபொனி ரெயின்ஃபோர்ட்-பிரெண்ட் ஆகியோர் இனப்பாகுபாடு குறித்துப் பேசினர். கல்வியும் வரலாறும் கறுப்பின மக்களை எவ்வாறு மறைத்தன என ஓல்டிங் விளக்கியது உலகெங்கும் கவனம் பெற்றது.

தமிழில் வர்ணனை

தமிழ்த் துடுப்பாட்ட வர்ணனை அகில இந்திய வானொலி வழியாக வளர்ந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் இதில் முன்னோடிகளுள் ஒருவர். "சுழற்பந்து", "வேகப்பந்து", "எல்லைக்கோடு", "ஆட்டமிழந்தார்" போன்ற சொற்கள் பேச்சு வழக்கில் பரவ வானொலி வர்ணனையும் நாளிதழ்களும் துணை புரிந்தன.

தொலைக்காட்சியில் முழுநேரத் தமிழ் வர்ணனை, 2017 இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை தொடங்கப்பட்ட பின்னர் நிலைபெற்றது. கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், பத்ரிநாத் முதலிய முன்னாள் வீரர்களும், ஆர். ஜே. பாலாஜி போன்ற பிற துறையினரும் இதில் பங்கேற்றனர். பேச்சுத் தமிழும் திரைப்படச் சாயலுள்ள நகைச்சுவையும் புதிய பார்வையாளரை ஈர்த்தன. அதே வேளையில், நகைச்சுவை மிகும்போது ஆட்டம் பின்தள்ளப்படுகிறது என்ற கருத்தும் உண்டு. களத்தடுப்பு நிலைகளுக்கும் அடி வகைகளுக்கும் தமிழ்ச் சொற்கள் சீராக வழங்காததால், இவற்றுக்கு ஆங்கிலச் சொற்களே பெரும்பாலும் பயன்படுகின்றன. வானொலியில் பழகிய இடைவிடாப் பேச்சைக் குறைத்துப் படத்துக்கு இடம் விடுவது, தமிழ்த் தொலைக்காட்சி வர்ணனை எதிர்கொள்ளும் முதன்மையான பணியாக உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

* துடுப்பாட்டம்
* நேர்முக வர்ணனை
* ரிச்சி பெனோ
* இந்தியன் பிரீமியர் லீக்
* அகில இந்திய வானொலி

பகுப்புகள்: துடுப்பாட்டம் | தொலைக்காட்சி | விளையாட்டு ஊடகவியல்