வலி நின்றால் சிகிச்சை முடிந்துவிடாது: பல் வேருக்குள் மருந்துகள் செய்யும் வேலை

ஹட்டன், நோர்வூட் பக்கத் தோட்டங்களில் பல் வைத்தியம் பற்றி விசாரித்தபோது, ரூட் கெனால் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் சிலரைச் சந்தித்தேன். முதல் நாளிலேயே வலி நின்றுவிடுகிறது. மறுபடி போவதென்றால் ஒருநாள் பேர் போய்விடும். பஸ் காசு வேறு. அவர்கள் கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேருக்குள் வைக்கப்படும் மருந்துக்கும் ஒரு கணக்கு உண்டு.

சூத்தை ஆழமானால் கிருமிகள் பல்லின் நடுவே உள்ள நரம்பையும் இரத்தக் குழாய்களையும் அழுகச் செய்கின்றன. இரத்த ஓட்டம் நின்ற அந்த இடத்துக்கு, பார்மசியில் வாங்கி விழுங்கும் அன்டிபயோட்டிக் சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் வேரைத் திறந்து உள்ளேயே மருந்து வைக்கிறார்கள்.

கழுவும் மருந்து

முதலில் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் வேர்க்குழாயைக் கழுவுவார்கள். துணி வெளுக்கும் பிளீச்சில் இருப்பதும் இதுதான். முதலாம் உலகப் போரில் ஹென்றி டேக்கின் என்ற வேதியியலாளர் சுமார் 0.5 சதவீதக் கரைசலைப் போர்க் காயங்களைக் கழுவப் பயன்படுத்தினார். பல்லில் 0.5 முதல் 5.25 சதவீதம் வரை பயன்படுகிறது. கிருமியைக் கொல்வதோடு அழுகிய திசுவையும் இது கரைக்கும். குளோர்ஹெக்சிடின் கிருமியைக் கொல்லும், திசுவைக் கரைக்காது.

ஒரு வாரம் வேண்டும்

அடுத்து கல்சியம் ஐதரொட்சைட்டுப் பசை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் அதே சேர்மம்தான். 1920இல் ஜெர்மனியின் ஹெர்மன் இதைப் பல் வைத்தியத்தில் அறிமுகப்படுத்தினார். சுமார் 12.5 என்ற அதன் உயர்ந்த pH அளவில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. ஆனால் அது மெதுவாகவே வேலை செய்யும். 1991இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் சோதித்தபோது, 10 நிமிடம் வைத்ததில் பலன் கிடைக்கவில்லை. 7 நாள் வைத்தபோது கிருமிகள் ஒழிந்தன. மறுபடி வரச் சொல்வதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அதிலும் என்டெரோகொக்கஸ் ஃபீகாலிஸ் என்ற கிருமி சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கக்கூடியது. தோற்றுப்போன சிகிச்சைகளில் அடிக்கடி காணப்படுவதும் அதுதான்.

நிரப்பும் பொருள்

கடைசியில் கட்டா பெர்ச்சா என்ற மரப்பாலினால் ஆன பொருளை வைத்து, ஒட்டும் பசையால் அடைப்பார்கள். சில பசைகளில் யூஜெனோல் இருக்கிறது. பல்வலிக்கு நாம் கடிக்கும் கராம்பின் எண்ணெயில் இருப்பதும் அதுதான். புதிதாக இருக்கும்போது இந்தப் பசைகள் கிருமியைக் கொல்லும். இறுகிய பின் அந்தச் சக்தி குறைந்துவிடும். அதன்பின் பல்லைக் காப்பது இறுக்கமான அடைப்பு மட்டுமே.

இடையில் போடும் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான். அது தேய்ந்தாலோ விழுந்தாலோ எச்சிலோடு கிருமிகள் திரும்ப உள்ளே போகும். பல நேரம் வலி தெரியாது, ஏனென்றால் பல்லுக்குள் நரம்பு இல்லை. சிலருக்குப் பல மாதம் கழித்து ஈறு வீங்கும்போதுதான் தெரியவரும். அப்போது பல்லைப் பிடுங்கவும் நேரலாம்.

பிளீச்சையோ சுண்ணாம்பையோ வீட்டில் பல்லுக்குள் வைக்காதீர்கள், சதை வெந்துவிடும். எத்தனை முறை வர வேண்டும், தற்காலிக அடைப்பு எத்தனை நாள் தாங்கும் என்று முதல் நாளே வைத்தியரிடம் கேளுங்கள். வேலையில்லாத நாளுக்குத் திகதி தர முடியுமா என்றும் கேட்கலாம். சிக்கலான பற்களுக்கு பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது.