மக்கள் பணத்தில் எழும்பிய பள்ளிக்கூடங்கள்

ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டி முடிப்பது எத்தனை சிரமமான காரியம் என்பதை, கட்டட நிதிக்காக ரசீதுப் புத்தகத்துடன் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் நன்கறிவார்கள். அத்தகைய அனுபவமுள்ள ஜமாஅத்தார்கள் விரும்பி வாசிக்கத்தக்க வரலாறு ஒன்று அமெரிக்காவின் தென்மாநிலங்களில் உண்டு. 'ரோசன்வால்டு பள்ளிகள்' என்று பெயர் பெற்ற கிராமப் பள்ளிக்கூடங்களின் வரலாறே அது.

1865இல் அடிமைமுறை ஒழிந்த பின்னரும் அங்கே கறுப்பின மக்களின் பிள்ளைகள் தனிப் பள்ளிகளிலேயே பயில வேண்டியிருந்தது. அம்மக்களும் வரி செலுத்தினார்கள். ஆயினும் அவர்களுடைய பள்ளிகளுக்கு அந்த வரிப்பணத்தில் கிடைத்தது சொற்பமே. தேவாலயங்களிலும் மரக்கொட்டகைகளிலும் வகுப்புகள் நடந்தன. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ கல்வி நிலையத்தை நடத்தி வந்தவர் புக்கர் டி. வாஷிங்டன், அடிமையாகப் பிறந்து கல்வியால் உயர்ந்தவர். சிகாகோ நகரின் யூதச் செல்வந்தரும் சியர்ஸ் ரோபக் வணிக நிறுவனத்தின் தலைவருமான ஜூலியஸ் ரோசன்வால்டு, 1912இல் அந்நிலையத்திற்கு 25,000 டாலர் வழங்கினார். அதில் ஒரு பகுதியைக் கொண்டு ஆறு கிராமப் பள்ளிகள் கட்டலாம் என்று வாஷிங்டன் யோசனை கூறினார்.

அவற்றுள் ஒன்று லோச்சபோக்கா என்னும் சிற்றூரில் 1913இல் எழும்பியது. மொத்தச் செலவு 942 டாலர் 50 சென்ட். ரோசன்வால்டு தந்தது 300 டாலர். ஊரின் வெள்ளையர்கள் தந்தது 360. எஞ்சிய 282 டாலர் 50 சென்ட்டை ரொக்கமாகவும் உடலுழைப்பாகவும் கறுப்பின மக்களே ஈந்தனர். முழுத்தொகையையும் ஒருவரே கொடுத்துவிடாமல், ஊராரும் அரசும் பங்கு சேர்த்தால்தான் உதவி என்பது தொடக்கம் முதலே விதியாயிற்று.

இப்பள்ளிகளின் கட்டட அமைப்பு தனியே கவனிக்கத்தக்கது. டஸ்கிகீயின் கட்டடக் கலைஞர் ராபர்ட் டெய்லர் முதலில் வரைபடங்கள் அமைத்தார்; 1920களில் சாமுவேல் ஸ்மித் அவற்றை மேலும் செப்பனிட்டார். பெரும்பாலானவை செங்கல் தூண்கள் மேல் நிற்கும் ஒரே தளமுள்ள மரக்கட்டடங்கள். அக்காலத்துக் கிராமங்களில் மின்சாரம் இல்லை. ஆகவே உயர்ந்த ஜன்னல்களை வரிசையாக நெருக்கி அமைத்து, அவை கிழக்கையோ மேற்கையோ நோக்குமாறு கட்டடத்தை நிறுத்தினார்கள். எழுதும் கையின் நிழல் தாளில் விழாதிருக்க, மாணவர்களின் இடப்புறமிருந்தே வெளிச்சம் வருமாறு இருக்கைகளைப் போட்டார்கள். வெளிச்சத்தைக் கூட்டச் சுவர்களுக்கு வெளிர் நிறம் பூசினார்கள். இரு வகுப்பறைகளின் நடுத்தடுப்பை மடக்கிவிட்டால் ஊர்க்கூட்டத்திற்கான மண்டபம் கிடைத்துவிடும். ஆடம்பரம் ஏதுமில்லை, வீணான ஓர் அங்குலமும் இல்லை.

ஊரார் பணம் சேர்த்த விதம் நெஞ்சை உருக்குவதாகும். சிலர் வயலில் ஒரு பகுதியை ஒதுக்கிப் பருத்தி பயிரிட்டு, அதன் விளைச்சலைப் பள்ளிக்கென்றே விற்றனர். அலபாமாவின் போலிகீ என்ற ஊரில் நிதி திரட்டும் கூட்டத்திற்கு, அடிமையாக வாழ்ந்த முதியவர் ஒருவர் ஒரு பழைய பையுடன் வந்தார். தம் வாழ்நாள் சேமிப்பான 38 டாலரையும் மேசையில் கொட்டினார். தம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளாவது படிக்கட்டும் என்பதே அவர் சொன்ன காரணம்.

1932இல் இத்திட்டம் நிறைவுற்றபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழும்பியிருந்தன. கணக்கேட்டைப் புரட்டினால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ரோசன்வால்டு நிதியின் பங்கு ஏறத்தாழ 43 லட்சத்து 65 ஆயிரம் டாலர். கறுப்பின மக்களின் பங்கோ 47 லட்சத்து 25 ஆயிரத்திற்கும் மேல். பெரும்பகுதி அரசின் வரிப்பணம். அதிலும் அவர்கள் செலுத்திய வரி உண்டு. கோடீசுவரரைக் காட்டிலும் கூலி விவசாயிகள் மிகுதியாகக் கொடுத்திருக்கிறார்கள். பெயர் மட்டும் அவருடையதாக நிலைத்துவிட்டது. ரோசன்வால்டின் பெருந்தன்மையைக் குறைத்துக் கூற நாம் எண்ணவில்லை. ஆயினும் கணக்கு கணக்குத்தானே!

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. நிலமும் கட்டடமும் அரசுப் பள்ளி நிர்வாகத்தின் பெயருக்கு எழுதித் தரப்பட வேண்டும். 1954இல் இனவாரிப் பள்ளிகள் சட்டவிரோதம் என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெடுங்காலம் கேட்ட நீதி அது. ஆனால் அதன் பின்னர் இப்பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டன. பல இடிந்தன, சில விற்கப்பட்டன. 2002இல் அமெரிக்காவின் தேசிய மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை, அழிவின் விளிம்பிலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் இவற்றைச் சேர்த்தது. எஞ்சியிருப்பவை ஏறத்தாழ ஐந்நூறு. அவற்றுள் சிலவற்றை, அங்கே பயின்று முதுமையடைந்த மாணவர்களே மீண்டும் நிதி திரட்டிப் புதுப்பித்து, ஊர்ப் பொதுமன்றங்களாக நடத்தி வருகிறார்கள்.