பிரான்ஸில் வசிப்பவருக்கு இந்தியாவில் இருந்து பென்ஷன் வருகிறதா? வரிக் கணக்கில் காட்ட வேண்டியது என்ன?

திருச்சியில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பாரிஸ் புறநகரில் உள்ள மகள் வீட்டுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் பிறந்தால் ஊரில் உள்ள வங்கிக் கணக்கில் பென்ஷன் விழுகிறது. வரியும் அங்கேயே பிடித்தம் ஆகிவிடுகிறது. "அங்கதான் வரி கட்டியாச்சே, இங்க எதுக்குச் சொல்லணும்?" என்று அவர் கேட்கக்கூடும்.

நியாயமான கேள்விதான். ஆனால் பிரான்ஸில் வருமானத்தைக் காட்டுவது வேறு, அதற்கு வரி கட்டுவது வேறு. வரியே இல்லாத வருமானத்தையும் காட்டியாக வேண்டும்.

யார் காட்ட வேண்டும்?

பிரான்ஸில் வரி வசிப்பாளராகக் கருதப்படும் எல்லோரும். உங்கள் வீடு அல்லது முக்கியமாகத் தங்கும் இடம் பிரான்ஸில் இருக்கிறதா? முக்கியத் தொழில் அங்கேயா? உங்கள் பொருளாதார நலன்களின் மையம் அங்கேயா? இதில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றாலே போதும். '183 நாள் தங்கினால்தான்' என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டுமே அளவுகோல் அல்ல. நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதும் இங்கே கேள்வி அல்ல.

வரி வசிப்பாளர் என்றால், உலகின் எந்த மூலையில் இருந்து வரும் வருமானமும் கணக்கில் சேரும். பிரான்ஸுக்கு வந்த முதல் ஆண்டில் மட்டும், வந்த நாளில் இருந்து கிடைத்த வெளிநாட்டு வருமானத்தைக் காட்டினால் போதும். இரண்டு நாடுகளும் உங்களைத் தன் வசிப்பாளர் என்று சொன்னால், நிரந்தர வீடு எங்கே, குடும்பம் எங்கே என்று பார்த்து முடிவு செய்யும் விதிகள் வரி ஒப்பந்தத்தில் இருக்கின்றன.

எந்தப் படிவம்?

வழக்கமான வருமான வரிப் படிவத்தின் எண் 2042. வெளிநாட்டு வருமானத்துக்கு 2047 என்ற தனிப் படிவம் உண்டு. முதலில் 2047-ஐ நிரப்பி, பிறகு அதே தொகையை 2042-இல் உரிய கட்டத்துக்குக் கொண்டு போக வேண்டும். ஆன்லைனில் தாக்கல் செய்பவர்கள் தொடக்கத்திலேயே 2047-ஐ டிக் செய்துகொள்ள வேண்டும். செய்யாவிட்டால் அந்தப் பக்கமே திறக்காது.

பிரான்ஸில் கிடைக்கும் சம்பளமும் பென்ஷனும் படிவத்தில் முன்கூட்டியே நிரப்பப்பட்டு வரும். வெளிநாட்டுப் பென்ஷன் அப்படி வராது. 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று பட்டனை அழுத்திவிடுபவர்கள் தவறு செய்வது இங்கேதான்.

வரி எந்த நாட்டுக்கு?

இதற்குப் பதில் இரு நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தில் இருக்கிறது. இந்தியாவும் பிரான்ஸும் 1992-இல் கையெழுத்திட்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம், அரசுப் பணிக்கான பென்ஷனையும் மற்ற பென்ஷன்களையும் தனித்தனியாகப் பிரிக்கிறது.

பெரும்பாலான ஒப்பந்தங்களில் உள்ள பொது விதி இதுதான்: தனியார் வேலைக்கான பென்ஷனுக்கு, நீங்கள் வசிக்கும் நாடு வரி போடும். அரசு வேலைக்கான பென்ஷனுக்கு, அதைத் தரும் நாடு வரி போடும். ஆனால் வாங்குபவர் தான் வசிக்கும் நாட்டின் குடிமகனாக இருந்தால் இது மாறலாம். விதிவிலக்குகளும் உண்டு. அமெரிக்க ஒப்பந்தப்படி, அமெரிக்கப் பென்ஷனுக்கு அமெரிக்கா மட்டுமே வரி போடும்.

பிரான்ஸ் வரி போடும் பென்ஷன் '1ஏஎம்' கட்டத்துக்குப் போகும். வேறு நாடு வரி போட்டு, பிரான்ஸ் அதற்குச் சமமான வரிச் சலுகை தரும் பென்ஷன் '1ஏஎல்' கட்டத்துக்கும், கூடவே '8டிகே' கட்டத்துக்கும் போகும். '8டிகே'-ஐ மறந்தால் சலுகை கிடைக்காது, இரண்டு முறை வரி கட்ட நேரும்.

வரி இல்லை என்றால் ஏன் காட்ட வேண்டும்?

ஏனென்றால், அந்தத் தொகை உங்கள் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தை உயர்த்துகிறது. 2024-ஆம் ஆண்டு வருமானத்துக்கான விகிதங்களை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். முதல் 11,497 யூரோவுக்கு வரி கிடையாது. அதற்கு மேல் 29,315 வரை 11%. அதற்கு மேல் 83,823 வரை 30%.

தனிநபர் ஒருவருக்குக் கழிவுகள் போக பிரெஞ்சுப் பென்ஷன் 30,000 யூரோ. பிரிட்டன் அரசு வேலைக்கான பென்ஷன் 15,000 யூரோ. அவர் பிரிட்டிஷ் குடிமகன்.

• பிரெஞ்சுப் பென்ஷனை மட்டும் காட்டினால்: வரி சுமார் 2,165 யூரோ.
• இரண்டையும் சேர்த்து 45,000 யூரோவுக்கு: வரி சுமார் 6,665 யூரோ. இதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2,222 யூரோ, பிரிட்டன் பென்ஷனுக்கு உரியது. அது சலுகையாகக் கழியும். கட்ட வேண்டியது சுமார் 4,444 யூரோ.

பிரிட்டன் பென்ஷனுக்குப் பிரான்ஸ் ஒரு காசு வரி வாங்கவில்லை. ஆனால் பிரெஞ்சுப் பென்ஷனுக்கான சராசரி வரி 7.2 சதவீதத்தில் இருந்து 14.8 சதவீதமாக ஆகிவிட்டது. 'வரி இல்லாத வருமானம்தானே' என்று விட்டுவிட்டால், வரித்துறையின் பார்வையில் நீங்கள் 2,279 யூரோ குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள்.

ரூபாயும் மார்ச் மாதமும்

இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. பிரான்ஸில் ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே இந்தியாவில் கிடைக்கும் ஆண்டுச் சான்றிதழில் உள்ள தொகையை அப்படியே எழுதக் கூடாது. பாஸ்புக்கை எடுத்து, ஜனவரி முதல் டிசம்பர் வரை வந்த வரவுகளைக் கூட்டுங்கள். பணம் வந்த நாளின் மாற்று விகிதத்தில் யூரோவாக மாற்றுங்கள். பென்ஷனுக்கு உரிய 10% கழிவை நீங்களே கழிக்க வேண்டாம், வரித்துறையே கழித்துக்கொள்ளும்.

என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனால் பிரான்ஸிலும் இல்லை என்று நினைக்காதீர்கள். அந்த வட்டி பிரான்ஸில் வரிக்கு உட்பட்டது. ஊர் வீட்டு வாடகையும் 2047-இல் இடம்பெற வேண்டும்.

வங்கிக் கணக்கு, எல்ஐசி பாலிசி

இது பலர் தவறவிடும் இடம். வெளிநாட்டில் உள்ள ஒவ்வொரு வங்கிக் கணக்கையும் 3916 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த ஆண்டில் மூடிய கணக்கும் இதில் அடக்கம். கணக்கில் பத்து ரூபாய்தான் இருந்தாலும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் எடுத்த ஆயுள் காப்பீட்டு ஒப்பந்தங்களும் இதே படிவத்தில் வரும்.

சொல்லாவிட்டால் ஒரு கணக்குக்கு, ஒரு ஆண்டுக்கு 1,500 யூரோ அபராதம். மூன்று கணக்கு என்றால் 4,500. 'அவங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கலாம். இந்தியாவும் பிரான்ஸும் வங்கிக் கணக்குத் தகவல்களைத் தானாகவே பரிமாறும் சர்வதேச ஏற்பாட்டில் 2017 முதல் இருக்கின்றன.

மறந்துவிட்டால்?

நீங்களாகவே திருத்துவதுதான் நல்லது. ஆன்லைனில் தாக்கல் செய்தவர்கள் கோடையில் திறக்கும் திருத்தச் சேவையை டிசம்பர் வரை பயன்படுத்தலாம். நல்லெண்ணத்தோடு தானாக முன்வந்து திருத்தினால், மாதம் 0.2% என்ற தாமத வட்டி பாதியாகக் குறையும். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால் 40% கூடுதல் வரி. தெரிவிக்காத வெளிநாட்டுக் கணக்கோடு தொடர்புடைய வரி என்றால் அது 80% வரை போகலாம்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு?

பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிக்கொண்டு புதுச்சேரியிலேயே வசிப்பவர்களின் கதை தலைகீழ். அவர்கள் பிரான்ஸின் வரி வசிப்பாளர்கள் அல்ல. பிரான்ஸில் இருந்து வரும் வருமானத்தை மட்டும் அங்கே காட்டினால் போதும்.

ஆனால் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குப் பிரான்ஸ் பொதுவாகக் குறைந்தபட்சம் 20% என்ற விகிதத்தை வைக்கிறது. உங்கள் மொத்த உலக வருமானத்துக்குச் சாதாரண விகிதப்படி கணக்குப் போட்டால், சராசரி அதைவிடக் குறைவாக வரலாம். அப்படி வந்தால் அந்தக் குறைந்த விகிதத்தையே கேட்டுப் பெறலாம். அதற்கு இந்திய வருமானத்தையும் '8டிஎம்' கட்டத்தில் எழுத வேண்டும். கட்டாயம் இல்லை, ஆனால் சிறிய பென்ஷன்காரர்களுக்கு இதில் லாபம் இருக்கிறது.

தாக்கல் ஏப்ரலில் தொடங்கி, நீங்கள் இருக்கும் மாவட்டத்தைப் பொறுத்து மே இறுதி அல்லது ஜூன் தொடக்கம் வரை நடக்கும். பாஸ்புக்கை மார்ச்சிலேயே தேடி எடுத்து வைத்துவிடுங்கள்.