டோவர்ப் புல்வெளியில் ஓர் இறக்கம்

வான்பறப்பின் வரலாற்றை எழுதியோர் விமானம் எழுந்ததை விரித்துரைத்த அளவுக்கு அது இறங்கியதை விரித்துரைத்தாரல்லர். 1909 யூலை 25ஆந் திகதி பிரெஞ்சுப் பொறியியலாளர் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்திற் கடந்தமை யாவரும் அறிந்ததே. அப்பறப்பு ஒரு விபத்திலேயே முடிவுற்றது என்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை.

இக்கடப்புக்கு இலண்டன் டெயிலி மெயில் பத்திரிகை 1000 பவுண் பரிசு அறிவித்திருந்தது. யூலை 19இல் ஹியூபேட் லதாம் முயன்றார். எஞ்சின் நின்றுவிடவே கடலில் இறங்கினார். பிளேரியோவும் நன்னிலையில் இருந்தாரல்லர். முன்னைய பறப்பொன்றிற் காலிலே தீக்காயமுற்று ஊன்றுகோல் கொண்டு நடந்தார். எனினும் காற்று அடங்கியிருந்த வைகறையை அவர் நழுவவிடவில்லை. கலே நகருக்கு அண்மையிலுள்ள லெ பராக்கிலிருந்து 4.41 மணிக்கு எழுந்தார். விமானத்தில் இருந்தது 25 பரிவலுக் கொண்ட அன்சானி எஞ்சின். திசையறி கருவி எதுவும் இல்லை. காற்று அவரைக் கிழக்கே தள்ளியது. இங்கிலாந்தின் கரை தென்பட்ட பின்னர், அதனையொட்டி மேற்கே திரும்பி டோவரை அடைந்தார்.

இடர் அங்கேதான் காத்திருந்தது. கோட்டைக்கு அண்மையில், மேடுகளுக்கிடையே அமைந்த நோத்போல் புல்வெளியிற் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒருவர் மூவர்ணக் கொடியை வீசி இடங்காட்டினார். செங்குத்தான பாறைக் கரையில் மோதி எழும் காற்று அதன் பின்புறத்திலே சுழலும். ஒரு கணம் வலுத்து மறுகணம் தளரும். மணிக்கு எழுபது கிலோமீற்றர் அளவிற் பறக்கும் மெல்லிய விமானத்துக்கு, அதன் வேகத்திற் காற்பங்கேயான வீச்சும் பேரிடியாகும். பிளேரியோ இருமுறை வட்டமிட்டு, ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்தில் எஞ்சினை நிறுத்தினார். விமானம் தரையில் விழுந்தது என்பதே பொருந்தும். சில்லுத் தாங்கி சிதைந்தது. விசிறியின் அலகொன்று முறிந்தது. அவருக்குக் காயமில்லை.

இவ்விமானத்தின் முன்சில்லுகள் பக்கவாட்டிலே திரும்பவல்லனவாய் அமைக்கப்பட்டிருந்தன என்பது கருதத்தக்கது. குறுக்குக் காற்றில் விமானத்தின் முகம் ஒரு திசையிலும் அதன் செலவு வேறு திசையிலும் இருக்கையில், சில்லுகள் செலவின் திசைக்குத் திரும்பித் தாங்கியைக் காக்கும். பக்கத் தள்ளலை முன்னரே எண்ணிப்பார்த்த அறிவு அது. ஆனால் மேலிருந்து விழும் வீழ்ச்சிக்கு அச்சில்லுகள் மருந்தாகா.

அதே காலையில் லதாமின் முகாம் விழித்தெழுந்தபோது காற்று வலுத்துவிட்டது. அவர் புறப்பட இயலவில்லை. வரலாறு இதனைத் தோல்வியென எழுதிற்று. விமானியின் கண்கொண்டு நோக்கின், அந்தக் காற்றிற் புறப்படாமையே சரியான தீர்ப்பு எனலாம். பிளேரியோவுக்கோ நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களுக்கான கட்டளைகள் வந்து குவிந்தன.

அவ்வாண்டு டிசெம்பரில் அவர் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குச் சென்றார். அன்றும் காற்று வீச்சு வீச்சாய் அடித்தது. பொறுமையிழந்த கூட்டத்தை நிறைவுசெய்யும் பொருட்டு அவர் எழுந்தார். விமானம் ஒரு வீட்டின் கூரைமீது வீழ்ந்தது. விலா எலும்புகள் முறிந்து மூன்று வாரம் மருத்துவமனையிற் கிடந்தார். அதன் பின்னர் பிளேரியோ எந்தப் பறப்புப் போட்டியிலும் கலந்துகொள்ளாது, விமானங்களை ஆக்கும் தொழிலிலேயே ஈடுபட்டார்.